புள்ளி வைக்கும் விரல்

செண்பகவல்லியின் வலது கைச் சுண்டுவிரலில் ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. தொப்பி போட்ட குட்டி மனிதனைப் போல அந்த விரல் மட்டும் நிமிர்ந்து நிற்க, மற்ற விரல்கள் பெரிய இடத்துக்காரருக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி மடங்கியிருந்தன. பாலிடெக்னிக்கின் மாடி வராந்தாவில், பெஞ்சின் ஓரத்தில், கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி அவள் கதவுக்கு உள்ளே கேட்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இரண்டாம் பேட்ச் தட்டச்சுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது. அறுபது மிஷின்கள் ஒன்றாக ஓடினால் மழை பெய்கிற மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கோவில்பட்டிக்காரிக்கு அது மழையாகத் தெரியவில்லை, கடலை வறுபடுகிற சத்தமாகத்தான் தெரிந்தது. அவள் வீட்டுக்காரர் கோமதிநாயகம் வேலை பார்க்கிற கடலைமிட்டாய்ப் பட்டறையில் சுடுமணலில் கடலையைக் கொட்டியதும் முதலில் ஒன்று படக்கென்னும், அப்புறம் இரண்டு, அப்புறம் எண்ணவே முடியாது. கருகாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டாள். கடலையானாலும் பரீட்சையானாலும் கருகுவதற்கு ஒரு நிமிஷம் போதும். விரல் விண்ணென்று தெறித்தது. நெஞ்சு ஒரு தடவை அடித்தால் விரல் ஒரு தடவை தெறிக்கிறது. இரண்டும் பேசி வைத்துக்கொண்டு செய்கிற மாதிரி. நாற்பத்து மூன்று வயதில் பரீட்சைப் பயமா, இதெல்லாம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்தோம். முடியவில்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் ஒன்பது வருஷமாக அலுவலக உதவியாளர். கண்காணிப்பாளர் பால்துரை சாரின் மேஜையில் ஒரு மணி இருக்கிறது, தலையில் தட்டினால் டிங்கென்று அடிக்கிற மணி. அது அடித்தால் எழுந்திருக்க வேண்டும். ஃபைல், டீ, ஜெராக்ஸ், மறுபடியும் டீ. தமிழ்த் தட்டச்சில் முதுநிலை தேறிவிட்டால் இந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறும், தட்டச்சர் ஆகலாம். இந்தப் பட்டியலை விட்டால் அடுத்தது எப்போது என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி. கை வைத்ததாகக்கூட இருக்க வேண்டாம். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டாத நாற்காலி. "செண்பகம், நீ டைப்பிஸ்ட் ஆயிட்டா எனக்கு டீ யாரு வாங்கிட்டு வருவா?" என்று பால்துரை சார் கேட்டார். "அதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிருவீங்க சார்" என்று இவள் சொன்னதை ஆபீஸே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது. அன்றைக்குச் சிரித்தாயிற்று, இப்போது தேறியாக வேண்டும்.

போன ஆகஸ்டில் தேறியிருக்க வேண்டியது. அன்றைக்கு விரல் பத்தும் நன்றாகத்தான் இருந்தன. பத்து நிமிஷம் நிற்காமல் அடிக்க வேண்டிய வேகத் தேர்வில் மூன்றாவது நிமிஷம் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் யாரோ ஓர் அதிகாரி மேஜை மணியைத் தட்டினார், டிங். செண்பகவல்லி எழுந்து நின்றுவிட்டாள். அறுபது பேர் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "என்னம்மா வேணும்?" என்று ஹால் சூப்பர்வைசர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சார், கூப்பிட்டீங்களோன்னு..." என்று இழுத்தாள். பிறகு உட்கார்ந்து விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து அடித்தாலும் கை பழைய ஓட்டத்துக்கு வரவில்லை, கடைசிப் பத்தி அப்படியே நின்றுபோயிற்று. வீட்டில் போய்ச் சொன்னபோது கோமதிநாயகம் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் இருந்தார். அப்புறம் முடியாமல் அடுக்களைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அந்த மணியை நினைத்தால் இப்போதும் முழங்கால் தானாக விறைக்கிறது. இருக்கட்டும், மணியின் கதை வேறு. இந்த முறை சங்கடம் மணியால் அல்ல, புள்ளியால். தமிழ்த் தட்டச்சு மிஷினில் எல்லா விரலுக்கும் சொந்த எழுத்துகள் உண்டு. இடது கைக்கு ய ள ன க ப க என்று முதல் நாளே மந்திரம் மாதிரி சொல்லிக் கொடுப்பார்கள். வலது கைச் சுண்டுவிரலுக்குக் கீழே இருப்பது புள்ளி. மெய்யெழுத்துகளின் தலையில் வைக்கிற புள்ளி. ஐந்து விரலில் சோனியான விரலுக்குப் போய் இத்தனை பெரிய உத்தியோகம். அதிலும் ஒரு விசேஷம், புள்ளியை அடித்தால் மிஷின் நகராது. மற்ற எழுத்தை அடித்தால் தாளைச் சுமக்கிற கேரேஜ் ஓர் அடி தள்ளிப் போகும். புள்ளி மட்டும் விழுந்த இடத்தில் விழுந்தபடி காத்திருக்கும், அதன் கீழே எழுத்து வந்து நின்ற பிறகுதான் மிஷின் நகரும். ஆகவே முதலில் புள்ளி, பிறகு எழுத்து. "இதுக்குப் பேரு டெட் கீ அக்கா" என்றாள் இன்ஸ்டிடியூட் நடத்துகிற பெனிட்டா. அவளுக்கு இருபத்து நாலு வயது, செண்பகவல்லி அவளை மிஸ் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள். "செத்த கீயா மிஸ்? தமிழுக்கே உயிர் குடுக்கிறது அதுதானே?" "உயிர் இல்லக்கா, மெய்" என்று பெனிட்டா திருத்தியதும் இரண்டு பேரும் மிஷினில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

அடித்து அடித்து அந்தப் பழக்கம் கைக்குள்ளேயே இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் பேனாவால் எழுதினாலும் முதலில் புள்ளியை வைத்துவிடுகிறாள். மளிகைச் சீட்டைப் பார்த்துவிட்டு கோமதிநாயகம், "ஏ புள்ள, இதென்ன காத்துல புள்ளி வச்சிருக்க, எழுத்த எங்க?" என்றார். "துவரம் பருப்புன்னு எழுதினேன். நடுவுல எந்திரிச்சுப் பாலை இறக்கப் போயிட்டேன்." "கோலம் போடுற புத்தி. புள்ளிய வச்சுட்டு அப்புறம் கோட்டைத் தேடுறது." கோலத்தோடு அவர் ஒப்பிட்டது அவளுக்குப் பிடித்திருந்தது, பிடித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பத்து நாளைக்கு முன்னால் அதே மனுஷர்தான், "பரீட்சைக்குப் படிக்கியா, விரலைத் திங்கிறியா?" என்று கேட்டார். அப்போதே அவர் சொல்லைக் கேட்டிருக்கலாம். பயம் வந்தால் நகக்கண் ஓரத்தில் இருக்கிற தோலைப் பல்லால் பிய்க்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஒரு சிலும்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் ஒரு சொட்டு ரத்தம் வரும், அதோடு பயமும் கொஞ்சம் போன மாதிரி இருக்கும். இந்தத் தடவை பயம் போகவில்லை, உள்ளே போய்ச் சுருட்டிப் படுத்துக்கொண்டது. முதல் நாள் சிவந்தது. இரண்டாம் நாள் நகத்தைச் சுற்றி மேடு கட்டியது. மூன்றாம் நாள் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. நகத்தைச் சுற்றி வருவதால் நகச்சுற்று, ஊர் வாயில் நகச்சுத்தி. சுற்றி வருகிறது என்பதற்கும் சுத்தி, ஆணி அடிக்கிற சுத்தியலுக்கும் சுத்தி, சுத்தம் பண்ணுவதும் சுத்தி. இந்த மூன்றில் நமக்கு வந்திருப்பது நடுவில் உள்ளது என்று அவள் முடிவு கட்டினாள், ஏனென்றால் ராத்திரியெல்லாம் யாரோ உள்ளேயிருந்து ஆணி அடித்தார்கள். கல்யாணத்தில் எல்லாரும் நகமும் சதையும் மாதிரி இருங்க என்று வாழ்த்தினார்கள். நகமும் சதையும் சண்டை பிடித்தால் எப்படி இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வைத்தியம் மட்டும் தெருவே சொன்னது. ஒருத்தி மருதாணி, ஒருத்தி சுட்ட வெங்காயம். எதிர் வீட்டு ராசம்மாள் வைத்தியம் சொல்லவில்லை, கதை சொன்னாள்: "எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் இத்தனூண்டு வந்துச்சு. கடைசில நகமே கழண்டு விழுந்திருச்சு. புது நகம் கடலைத்தோல் மாதிரி முளைச்சுச்சு பாத்துக்க." அதைக் கேட்டதிலிருந்து கடலைத்தோலைப் பார்க்கும்போதெல்லாம் அதில் ஒரு சித்தப்பா தெரிந்தார். பெரியாஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னும் பழுக்கலை. மாத்திரை குடுக்கிறேன், விடாம சாப்பிடுங்க. வெதுவெதுப்பான உப்புத் தண்ணில ஒரு நாளைக்கு நாலு தடவ வைங்க. நீங்களா ஊசியால குத்திராதீங்க. பழுத்ததும் வாங்க, கீறி விட்டுருவோம்" என்றாள். "சனிக்கிழமை பரீட்சை டாக்டர்." "உங்களுக்கா?" "எனக்குத்தான்." டாக்டரம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சீட்டில் இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினாள். அது வலிக்கானது என்று மருந்து கொடுக்கிற இடத்தில் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் டாக்டர் எழுதிக் கொடுத்ததல்ல. காலையில் கோமதிநாயகம் பழத்தின் காம்புப் பக்கத்தைச் சீவி, உள்ளே குடைந்து, மஞ்சளும் உப்பும் வைத்து, பாகு பதம் பார்க்கிற அதே கவனத்தோடு விரலில் மாட்டிவிட்டார். "ஹால்ல போய் ஜூஸ் போட்டுக் குடிச்சிராத."

இந்தப் பத்து நாளும் அவள் மனம் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் அதில் எத்தனை புள்ளி என்று எண்ணியது. செண்பகவல்லிக்கு இரண்டு. கோமதிநாயகத்துக்கு ஒன்று, அதுவும் கடைசியில், மனுஷர் எப்போதும் சிக்கனம். கண்காணிப்பாளருக்கு மூன்று, பதவிக்கு ஏற்ற மாதிரி. சுண்டுவிரலுக்கு இரண்டு. நகச்சுத்திக்கும் இரண்டு. புள்ளி என்று அடிக்கவே ஒரு புள்ளி வேண்டியிருக்கிறது. வலிக்கு மட்டும் புள்ளியே இல்லை, வெறும் வலி. தோல்விக்கு ஒன்று போதும், தேர்ச்சி என்றால் இரண்டு. பார்த்தாயா, தோற்பது சுலபம், விரலுக்குப் பாதி வேலைதான். புள்ளியே இல்லாமல் எழுதினால் என்ன, அந்தக் காலத்து ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்களாமே, ஓலை கிழிந்துவிடும் என்று. படித்தவர்கள் புரிந்துகொண்டுதானே படித்தார்கள். ஆனால் தாள் திருத்துகிறவருக்கு அவ்வளவு பொறுமை ஏது, ஒவ்வொரு விட்ட புள்ளிக்கும் ஒரு சிவப்புச் சுழி. அதுவும் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொல்லி, கல்வியில் அந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பெனிட்டா ஒரு நாள் கேட்டு, இன்ஸ்டிடியூட்டில் இருந்த பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்ன ஆகும் என்பதை இங்கே எழுத வேண்டாம், வேண்டியவர்கள் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம். "மோதிர விரலால புள்ளி அடிச்சுப் பாருங்கக்கா" என்று பெனிட்டா யோசனை சொன்னாள். மோதிர விரலின் சொந்த எழுத்து ட. நாலு நாள் பழகினாள். மோதிர விரல் நல்ல விரல்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, வாசலோடு சொந்த வீட்டுக்கே திரும்பிவிடுகிற ஆள். அம்மா என்று அடித்தால் அடமமா என்று வந்தது. மிஷினை மாற்றிக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. ஏழாம் நம்பர் மிஷின், ஒரு வருஷமாகப் பழகினது, இன்றைக்கு லோடு ஆட்டோவில் மற்ற மிஷின்களோடு வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது. புள்ளிக் கீ மட்டும் கொஞ்சம் இறுக்கம். பெனிட்டா எண்ணெய் விட்டிருக்கிறாள். மிஷின் புள்ளிக்கு எண்ணெய், விரல் புள்ளிக்கு எலுமிச்சை. உள்ளே கடலைச் சத்தம் நின்றது. இரண்டாம் பேட்ச் வெளியே வந்தது, சில முகங்கள் வறுபட்டும் சில முகங்கள் கருகியும்.

வாசலில் ஹால் சூப்பர்வைசர் ஒவ்வொருவராகச் சோதித்து அனுப்பினார். போன், வாட்ச், பர்ஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது. செண்பகவல்லியின் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "இது என்னம்மா?" "எலுமிச்சம்பழம் சார்." "அது தெரியுது. எதுக்கு?" "நகச்சுத்தி சார்." "பழத்தோட எப்படிம்மா டைப் அடிப்பீங்க?" "கழட்டிருவேன் சார்." "கழட்டி வெளிய வச்சுட்டு வாங்க. போன தடவ மாதிரி நடுவுல எந்திரிச்சு நிக்காதீங்க." அதே மனுஷர்தான். ஞாபகம் வைத்திருக்கிறார், பாவி. பழத்தை மெதுவாகத் திருகி எடுத்து, ஓட்டையை அடிப்பக்கமாகக் கவிழ்த்து, வராந்தா ஜன்னல் விளிம்பில் வைத்தாள். விரல் வெளுத்து, சுருங்கி, நகத்தோரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு மணி கோத்தது போல மினுங்கியது. பழுத்துவிட்டது. இன்றைக்குப் பார்த்துப் பழுத்திருக்கிறது. பின்னால் நின்றிருந்த அபிநயா, எட்டாம் நம்பர் மிஷின்காரி, கல்லூரியில் படிக்கிற பெண், பழத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தக் கோயில் பழம்க்கா?" "கோயிலா? இது நகச்சுத்திம்மா..." "நகச்சுத்தியம்மனா? கேள்விப்பட்டதே இல்லையே, எந்தப் பக்கம்க்கா இருக்கு?" பதில் சொல்வதற்குள் அவள் பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெஞ்சிலும் ஒரு தடவை வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் தொட்டுக் கும்பிட்டாள். வெளியே நாலாம் பேட்சுக்காகக் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் பெஞ்சிலிருந்து எழுந்து செருப்பைக் கழற்றினார்கள். செண்பகவல்லி ஏழாம் நம்பர் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கைக்குட்டையை மடியில் விரித்தாள். சிரிப்பு வந்தது, விரலில் பயம் தெறித்தது, இரண்டும் ஒரே உடம்புக்குள் எப்படி இருக்கின்றன என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கேள்வித்தாள் கவிழ்ந்து கிடந்தது. சூப்பர்வைசர் விசிலை வாயில் வைத்தார்.

விசில். தாளைத் திருப்பு. உப்பு. தலைப்பே உப்பு. இத்தனை நாளாக உப்புத் தண்ணீரில் கிடந்த விரலுக்கு உப்பைப் பற்றி ஒரு கட்டுரை, நாலு தடவை வைக்கச் சொன்னார்கள், இதோ ஐந்தாவது தடவை. உப்பு மனித வாழ்வுக்கு இன்றியமையாத பொருள்களுள் ஒன்றாகும். எட்டுப் புள்ளி, முதல் வாக்கியத்திலேயே எட்டு, மனித என்ற சொல் ஒன்றுதான் புள்ளியில்லாமல் இரக்கம் காட்டுகிறது. மோதிர விரலை அனுப்பு, போ, புள்ளி, ப, பு, சரியாக விழுந்தது, வாழ், புள்ளி, ழ, விழுந்தது, இன், ட. ட விழுந்துவிட்டது. போ, ஒரு தவறு போனது போகட்டும், பின்னால் பார்க்காதே, பெனிட்டா சொல்வாள், விட்ட பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டிக்கிட்டு நிக்காதீங்கக்கா என்று. பொருள், புள்ளி, ள, இது சரி, ஆனால் மெதுவாகிறது, மோதிர விரல் ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் செருப்பைத் தேடுகிறது, பக்கத்தில் அபிநயா அடுத்த வரிக்குப் போய்விட்டாள், வரி முடியப் போகிறது என்று சொல்கிற அவள் மிஷினின் ஓர மணி கிணுங்கியது. நம் வரி இன்னும் முடியவில்லை. இப்படிப் போனால் கடைசிப் பத்தி நின்றுவிடும், பட்டியலில் பெயர் ஏறாது, திங்கட்கிழமை காலையில் டிங், செண்பகம், ரெண்டு டீ. சுண்டுவிரலே, நீ ஒரு தடவை வா. ஒரே ஒரு தடவை. ஒன்றாகும், ன்னுக்கு ஒன்று. அம்மாடி. கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பூ விரிந்தது, காது வரைக்கும் போயிற்று. ஆனால் புள்ளி விழுந்தது, நடு மண்டையில் விழுந்தது, கறுப்பாக, முழுசாக. இன்னொரு தடவை, ம்முக்கு. விரல் நடுங்கி இரண்டு தடவை அடித்துவிட்டது. இரண்டு தடவை. தப்பா? தப்பில்லை. நகராத கீ அல்லவா, ஒரே இடத்தில்தானே விழும், பத்துத் தடவை அடித்தாலும் ஒரு புள்ளிதான், கொஞ்சம் அழுத்தமான புள்ளி. அட. ஒரு வருஷமாக அடிக்கிறோம், இது இப்போதுதானே தோன்றுகிறது. மற்ற எழுத்து நடுங்கினால் தப்பு, புள்ளி நடுங்கினால் தப்பில்லை. நடுங்கு, நன்றாக நடுங்கு, உனக்கு மட்டும் அனுமதி. வரி முடிந்தது, மிஷினின் ஓர மணி கிணுங்கியது, கேரேஜைத் தள்ளுவது இடது கை, அந்த அரை விநாடி வலது கைக்கு லீவு, விரலைக் காற்றில் உதறிக்கொள், அடுத்த வரி. பண்டைக் காலத்தில் உப்பு விற்கும் வணிகர்கள் மாட்டு வண்டிகளில், மாடே, இழு, மேட்டில் இழு. பல்லைக் கடித்தால் தாடை வலிக்கிறது, தாடை வலித்தால் விரல் வலி கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது, சித்தப்பாவின் நகம், கடலைத்தோல், வேண்டாம் அந்த நினைப்பு, கழன்று விழுந்தால் விழட்டும், பத்து நிமிஷம் கழித்து விழு, ஜன்னலுக்கு வெளியே யாரோ பழத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள், அடிப் பெண்ணே, அதில் இருக்கிற அம்மன் நான்தான், நானே இங்கே வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் உப்பு உற்பத்தியில் சிறந்து விளங்கும் நகரம் தூத்துக்குடி. தூத்துக்குடிக்கு இரண்டு புள்ளி. முதல் புள்ளியில் உயிர் போயிற்று. இரண்டாவது புள்ளியில் விரலுக்குள் ஏதோ பொட்டென்று விட்டது. நீச்சல் தெரியாதவள் கிணற்றுக்குள் கால் வைக்கிற மாதிரி ஒரு கணம் ஒன்றுமே இல்லை. கீ ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக ஏதோ நகத்தோரமாக வழிந்தது. ஐயோ, என்ன ஆச்சு, விரல் போச்சா, குனிந்து பார்க்கக்கூடாது, கீபோர்டைப் பார்க்கக்கூடாது என்பது முதல் நாள் பாடம், கண் தாளிலேயே இருக்கட்டும், க, கு, டி, ஓர மணி, இடது கை கேரேஜைத் தள்ளிய அரை விநாடியில் வலது கை மடியில் இருந்த கைக்குட்டையில் விரலை ஒற்றிவிட்டு வந்தது. அடுத்த வரியின் முதல் புள்ளிக்குப் பயந்து பயந்து இறங்கினாள். வலி இல்லை. இருந்தது, ஆனால் அது வேறு வலி, சண்டை முடிந்த வீட்டில் இருக்கிற வலி. பத்து நாளாக உள்ளே இருந்து ஆணி அடித்தவன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்றாவது சுத்தி நடந்துவிட்டது, சுத்தம் பண்ணுகிற சுத்தி. பழுத்ததும் கீறி விடுவோம் என்றாளே டாக்டரம்மா, இந்த ஏழாம் நம்பர் மிஷின் கத்தி இல்லாமல் கீறிவிட்டதே, இதற்கு ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட வேண்டும். மாலையில் முதல் வேலை ஆஸ்பத்திரி, கழுவி மருந்து வைத்துக் கட்ட வேண்டும், இப்போது ஓடு. உப்பளங்களில் கோடைக் காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கடும் வெயிலில், புள்ளி, புள்ளி, புள்ளி, விரல் தானாகப் போய்த் தானாக வருகிறது, வாசல் தெளித்து அறுபது புள்ளியை ஒரே மூச்சில் வைத்துவிட்டு நிமிர்கிற கை மாதிரி. அபிநயாவின் ஓர மணியும் இவளுடைய ஓர மணியும் ஒன்றாகக் கிணுங்கின. பிறகு இவளுடையது முதலில் கிணுங்கியது. கடலை கருகவில்லை, பதமாக வெடிக்கிறது, பாகு கம்பிப் பதத்துக்கு வருகிற நேரம், இறக்கு, இறக்கு. கடைசிப் பத்தி. கடைசி வரி. ஆகவே உப்பளத் தொழிலாளர்களின் நலனைப் பேணுவது நம் அனைவரின் கடமையாகும். கடமை, யா, கு. கடைசி ம்முக்குப் புள்ளியை வைத்தாள். அப்போது பக்கத்து அறையில் அந்த மணி அடித்தது. டிங். தொடை இறுகிற்று. முழங்கால் விறைத்தது, குதிகால் தரையை உந்திற்று, ஒன்பது வருஷம் அப்படியே நாற்காலியை விட்டு எழும்பப் பார்த்தது. ஆனால் புள்ளி அங்கே நின்றுகொண்டிருந்தது. தாளின் நடுவில், ஒன்றுமில்லாத இடத்துக்கு மேலே, ஒற்றையாக, எழுத்து வரும் என்று நம்பி. அதை அப்படி விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. யார் மணி அடித்தாலும் முடியாது. நடுவிரல் இறங்கியது. ம. மிஷின் ஓர் அடி நகர்ந்தது. முற்றுப்புள்ளி. அதற்கு அப்புறம்தான் விசில் ஊதியது.

"எல்லாரும் கையை எடுங்க." அறுபது ஜோடிக் கைகள் மேலே வந்தன. அபிநயா இவள் பக்கம் சாய்ந்து, "பெரிய சக்திக்கா உங்க அம்மனுக்கு, முடிச்சிட்டேன்!" என்று கிசுகிசுத்தாள். "நானும் முடிச்சிட்டேன். அப்புறம் ஒரு விஷயம், கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிரு." "ஏன்க்கா, விரதமா?" "ஆமா, அப்படித்தான்னு வச்சுக்கயேன். வெளிய வா, சொல்றேன்." சூப்பர்வைசர் வருகைப் பட்டியலோடு வரிசையாக வந்தார். ஏழாம் நம்பருக்கு வந்ததும் செண்பகவல்லி விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, "சார், இந்தப் புள்ளிக் கீயை மருந்து போட்டுத் துடைக்காம அடுத்த பேட்ச்சை உக்கார வைக்காதீங்க. பெனிட்டா மிஸ் கீழ இருக்காங்க, பஞ்சு வச்சிருக்காங்க" என்றாள். அவர் கீயைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் பட்டியலை நீட்டினார். பேனாவைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தாள், சுண்டுவிரல் கட்டோடு ஓரமாக நிமிர்ந்து நின்றது. முதலில் செ. அடுத்த எழுத்துக்கு மேலே வரவேண்டிய புள்ளியை வைத்தாள். வைத்த பிறகு அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பின்னால் நாலாம் பேட்ச் வாசலில் முண்டியது, ஜன்னல் விளிம்பில் பழம் இல்லை, எவளோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறாள், போய்ப் பிடுங்க வேண்டும். கோமதிநாயகத்துக்குப் போன் போட்டு முதலில் எதைச் சொல்வது, விரலையா, கடைசி வரியையா, அம்மனையா. "என்னம்மா," என்றார் சூப்பர்வைசர், "புள்ளிய வச்சுட்டு நின்னுட்டீங்க? எழுத்தக் காணோம்?"

"நிக்கலை சார், நல்லாப் பாருங்க, உக்காந்துதான் இருக்கேன்" என்றாள் செண்பகவல்லி. "எழுத்து பின்னாலயே வரும்."